கடைசியாகக் கூப்பிட்ட பேர்

1946 பிப்ரவரி 3, ஞாயிறு

காலையில் நல்ல பனி. வெயில் ஏறும் வரை திருத்தணி மலைக் கோபுரம் தெரியவில்லை. பல் தேய்க்கக் குனிந்ததில் இடுப்பில் பிடிப்பு.

அடுத்த ஞாயிறு பெண் சுலோச்சனாவுக்கு மலை மேல் தாலி. முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் அடிவாரச் சத்திரத்தில் நிச்சயத் தாம்பூலம். இன்னும் ஆக வேண்டியவை:

சத்திரத்துச் சாவி. கிருத்திகைக் கூட்டம் வந்து இடத்தைப் பிடிப்பதற்குள் வாங்கிவிட வேண்டும்.
வாழையிலை. சொல்லியாயிற்று.
காஸ் லைட். காதர் பாய். மண்ணெண்ணெயும் அவரே தேடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், புண்ணியவான்.
சர்க்கரைக்கு பர்மிட். தாலுகா ஆபீஸ், மறுபடியும்.
சபை நடத்த ஆள்.
அண்ணன்.

கடைசி இரண்டும்தான் கவலை.

ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற முனிரத்தினம் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. சபை முனிரத்தினம் என்றால் கனகம்மாசத்திரம் வரைக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா, வாசகசாலைக் கூட்டம், எதுவானாலும் யார் முதலில், யார் அப்புறம் என்று பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருத்தரும் முகம் சுளிக்காமல் முடித்துக் கொடுப்பவன் நான். இருபது வருஷமாக இதுதான். ஆனால் பெண்ணைப் பெற்றவன் தன் வீட்டுச் சபையில் வாய் திறக்கக் கூடாது. கையைக் கூப்பிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். எங்கள் ஜனத்தில் அப்படித்தான்.

கேசவன் வாத்தியார் தாமே முன்வந்தார். மறுக்க முடியவில்லை. நல்ல மனுஷர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது ஒன்றுதான்.

4, திங்கள்

கடையில் கூட்டம் இல்லை. சர்க்கார் அளந்து விடுகிற கட்டுப்பாட்டுத் துணி வந்தால்தானே கூட்டம்.

மத்தியானம் மணவூர் சம்பந்தி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. குடையைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பேசினார். அவருடைய பங்காளிகள் கேட்கிறார்களாம். பெண்ணுக்குப் பெரியப்பா ஒருத்தர் பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கிறாரே, பெண் பார்க்க வந்தபோது அவர் இல்லை, பேச்சு முடித்தபோதும் இல்லை, கூடப்பிறந்தவனே ஒதுங்கி நிற்கிற வீட்டில் என்னமோ இருக்கிறது என்று.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா சனிக்கெயம மொதல் தாம்பூலம் உங்க அண்ணன் எயுந்து வந்து எடுக்கணும். இல்லேன்னா எங்க ஆளுங்க மலை ஏற மாட்டாங்க."

மனுஷர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

முதல் தாம்பூலத்தைப் பெண் வீட்டு மூத்தவர் எடுத்தால் வம்சமே பெண்ணைக் கொடுத்ததாக அர்த்தம். மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவது முறை. மூன்றாம் தரமும் எழுந்து வராவிட்டால் தட்டைத் துணியால் மூடிவிடுவார்கள். மூடின தட்டை மறுபடி திறந்த கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. மூடினதை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பெண் இன்னும் வீட்டோடுதான் இருக்கிறாள்.

நாலு வருஷமாக அண்ணனோடு பேச்சு இல்லை. பொ.பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டுக் கல்யாணம். சபை நடத்தியது நான். அண்ணனுக்கு அந்த வீட்டில் மூன்றாவது மரியாதை வர வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடத்துகிறவன் தன் சொந்த மனுஷனைக் கடைசியில்தான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பட்சபாதம் என்று ஊர் பேசும். கடைசியில் கூப்பிட்டேன். அதற்குள் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள், பாதிச் சபை எழுந்துவிட்டது. அண்ணன் தாம்பூலம் வாங்க வரவில்லை. பந்தலுக்கு வெளியே, தன் தறி ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னை நிறுத்தி, "இனிமே ஒரு சபையிலயும் என் பேரு உன் வாயில வரக் கூடாது" என்றான். அதோடு சரி.

நான் செய்ததில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

5, செவ்வாய்

இடுப்பு தேவலை. தைலம்.

கே.வாத்தியாருக்காக உட்கார்ந்து எழுதியது. நகல் இங்கே:

பேர்களை முந்தின நாளே அந்தந்த வீட்டு மனுஷர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊகிக்கக் கூடாது.
ஊர், தகப்பன் பேர், பிறகு அவர் பேர். இந்த வரிசை மாறக் கூடாது.
பட்டம் ஒன்று போதும். இரண்டாவது பட்டம் கொடுத்தால் அடுத்தவருக்கு மூன்று கொடுக்க வேண்டி வரும்.
தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம். தெலுங்கில் சுருக்கக் கூடாது. அவர்களுக்கு மட்டும் குறைத்துவிட்டதாக ஆகும்.
கூப்பிட்டவர் எழுந்து வரும் வரை அவர் முகத்தையே பார்க்க வேண்டும். காகிதத்தைப் பார்க்கக் கூடாது.
கடைசிப் பேருக்கும் முதல் பேருக்கு இருந்த அதே குரல். பந்திக்கு அவசரப்பட்டுக் கடைசிப் பேரை முழுங்குவது பலருடைய வழக்கம். மகா பாவம்.
தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.
வெற்றிலை போட்டுக்கொண்டு பேசக் கூடாது.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். எல்லாம் சரிதான், ஆனால் தொடக்கத்தில் மலையின் பெருமையைக் கொஞ்சம் சொல்லலாமா என்று கேட்டார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றேன். சிரித்தார். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நிற்க வைத்து ஒத்திகை பார்த்தேன். அண்ணன் பேர் வருவதற்குள் எனக்கு ஒரு கொட்டாவி, கடைப் பையனுக்கு இரண்டு.

சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஆத்திரம். என் பெண்ணுடைய சபை. என் வாயில் துணி.

6, புதன்

கரி பஸ்ஸில் பொ.பேட்டை. வழியில் இரண்டு தரம் நின்றது. நெருப்பை ஊதி ஊதிக் கிளப்பினார்கள். வேட்டியெல்லாம் கரி. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவமானப்படுவதானால் ஒருத்தனாகப் பட்டுக்கொள்ளலாம் என்று.

அந்தத் தெருவில் பாதித் தறி சும்மா கிடக்கிறது. நூல் இல்லை. அண்ணன் வீட்டில் ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணிதான் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டு, "வா முனிரத்தினம்" என்று வாய் நிறையச் சொன்னாள். நாலு வருஷம் கழித்து.

உள்ளே தறிச் சத்தம் நிற்கவில்லை. நான் வந்தது அவனுக்குத் தெரியும். வேண்டுமென்றே சத்தமாக, தெரு முழுக்கக் கேட்கும்படி, சுலோச்சனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தாலி, பெரியவங்க வந்து நடத்திக் குடுக்கணும் என்று அண்ணியிடம் சொன்னேன். சத்தம் நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஓடின மாதிரி இருந்தது. தட்டை அண்ணியே வாங்கிக்கொண்டாள். மோர் கொடுத்தாள்.

தெரு முனை வரைக்கும் வந்து மெதுவாகச் சொன்னாள். "வர்றாருன்னும் சொல்ல மாட்டாரு, வரலேன்னும் சொல்ல மாட்டாரு. நான் இட்டுகினு வர்றேன். எயுந்து தாம்பூலம் எடுப்பாரான்னு என்னக் கேக்காத."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரத் தோன்றவில்லை.

7, வியாழன்

சத்திரத்துச் சாவி கிடைத்தது. பர்மிட் நாளைக்காம்.

சம்பந்தி சொன்னதை வீட்டுக்காரியிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஊர்க்காரன் ஒவ்வொருத்தனுக்கும் முறை பார்த்து முறை பார்த்துக் கடைசியில் சொந்த வீட்டை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன், அன்றைக்கு அவரை மூன்றாவதாகக் கூப்பிட்டிருந்தால் எந்த ஊர் இடிந்து விழுந்திருக்கும் என்று. பதில் சொன்னால் சண்டை. சுலோச்சனா காதில் விழ வேண்டாம்.

காதில் விழுந்துவிட்டது. சாயங்காலம் பூ கட்டிக்கொண்டே கேட்டாள். "நைனா, பெரிநைனா எயுந்து வரலேன்னா தட்ட மூடிடுவாங்களா?"

மூட மாட்டார்கள் என்றேன். அவள் என் பெண். சின்ன வயசிலிருந்து என்னோடு எத்தனையோ சபைக்கு வந்தவள். மூடுவதைப் பார்த்திருக்கிறாள். தலையை ஆட்டிவிட்டுப் பூவைக் கட்டினாள். அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சரவணப் பொய்கை வரைக்கும் போய் வந்தேன்.

8, வெள்ளி

பர்மிட் வந்தது. பாயசம் உண்டு.

காதர் பாய் லைட்டைக் கொண்டு வந்து இறக்கினார். மேன்டில் புதுசு, எங்கே பிடித்தாரோ. நான் சபை நடத்தின இடத்திலெல்லாம் அவர்தான் லைட். ஒரு ஓரமாக உட்கார்ந்து காற்றடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவர். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார். சொன்னேன்.

"இன்னாப்பா நீ. ஊருக்கெல்லாம் வாய வெச்சிகினு சொந்த அண்ணன் கிட்ட போயி தறி சத்தத்துல பேசிட்டு வந்துகீற. உள்ள போயி கையப் புடிச்சிருக்கலாம்ல."

புடிச்சிருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை. நான் நின்று கூப்பிடுவேன், கூப்பிட்டவர் எழுந்து வருவார். இத்தனை வருஷம் அப்படியே பழகிவிட்டது.

கே.வாத்தியார் பேச்சை எழுதியே கொண்டு வந்துவிட்டார். நாலு பக்கம். நான் கொடுத்த காகிதம் எங்கே என்றேன். பத்திரமாக வீட்டில் இருக்கிறதாம்.

9, சனி

காலை. எழுத நேரமில்லை. கிருத்திகைக் கூட்டம் விடியும் முன்பே ஆரம்பித்துவிட்டது. காவடி, மொட்டை, பீப்பி. சத்திரத்து வாசலில் ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் அடுப்பு மூட்டிச் சமைக்கிறது. எழுப்ப மனசில்லை. வேட்டி மாற்ற வேண்டும். வயிறு சரியில்லை.

10, ஞாயிறு

தாலி ஆயிற்று. காலை ஆறுக்குள் மலை ஏறி, கூட்டத்தில் இடிபட்டு, ஆயிற்று. நேற்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

அண்ணனும் அண்ணியும் நேற்று வெயில் தாழ வந்தார்கள். அண்ணி நேராகப் பெண்ணிடம் போய்விட்டாள். அவன் வாசல் தூணருகே தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். தோளில் புதுத் துண்டு, அவன் தறியில் நெய்ததுதான். தலை நன்றாக வெளுத்துவிட்டது. நான் கை கூப்பினேன். பார்த்தானா தெரியவில்லை.

காதர் பாய் லைட்டை ஏற்றினதும் வாத்தியார் எழுந்தார். மலையின் பெருமை. அப்புறம் மணவூரின் பெருமை. மணவூரில் ரயில் நிற்பதன் பெருமை. வெளியே அரோகரா. உள்ளே சம்பந்தியின் ஆட்கள் நெளிகிறார்கள். காதர் பாய் லைட்டுக்கு வேண்டியதற்கு மேல் காற்றடித்துச் சத்தம் எழுப்பிப் பார்த்தார். மனுஷர் அசையவில்லை.

கடைசியில் ஒரு வழியாக அண்ணனுக்கு வந்தார். ஐந்து பட்டம். தகப்பன் பேர் விட்டுப்போயிற்று. அண்ணன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தரம் தெலுங்கில். அண்ணி உள்ளேயிருந்து வந்து தோளைத் தொட்டாள். அவன் திரும்பவில்லை. சபை அடங்கிவிட்டது. அந்த அமைதி எனக்குத் தெரியும். சம்பந்திக்குப் பக்கத்திலிருந்த கிழவர் தட்டு மேல் போடும் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் தரத்துக்கு வாத்தியார் மூச்சை இழுத்தார். எனக்கு என்ன ஆயிற்றோ. நடுவில் போய் அவர் கையைப் பிடித்து, இருங்க வாத்தியாரே என்றேன். பெண்ணைப் பெற்றவன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சபைக்குக் குறுக்கே நடந்து தூணுக்குப் போனேன். சபை நடத்துகிறவன் தன் இடத்தை விட்டு ஒருத்தரைத் தேடிப் போகக் கூடாது. அதுவும் போயிற்று.

போய் நின்றேன். கையைப் பிடிக்கலாம் என்று குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி குனிந்தபடியே நின்றேன். அவன் என் காலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஊருக்கெல்லாம் கூப்பிட்றியே. கூப்பிடு."

"நீதாண்ணா என் வாயில வரக் கூடாதுன்ன."

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்."

திரும்பி ஜமுக்காளத்துக்கு வந்தேன். தூணைப் பார்த்து நின்றேன். பிறந்த ஊரைத்தான் சொன்னேன், திருத்தணி என்று. அடுத்தது தகப்பன் பேர். ஏகாம்பரம் மகன். சபையில் எங்கள் நைனா பேரை நான் சொன்னது அதுதான் முதல் தரம். எத்தனையோ பேருடைய தகப்பன் பேரைச் சொன்ன வாய். சொன்னதும் உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. துரைசாமி என்று கத்தினேன். கூப்பிட்டேன் என்று எழுத முடியாது, கத்தினேன். தெருவில் ஆடிக்கொண்டிருந்த காவடிக்காரர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்களாம், காதர் பாய் சொன்னார்.

அவன் எழுந்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தான். வந்து தாம்பூலத்தை எடுத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். கிழவர் மடியிலிருந்த துணியைப் பக்கத்தில் வைத்தார்.

பெண்ணைப் பெற்றவர் வாய் திறந்துவிட்டாரே என்று அவர்கள் பக்கத்தில் ஒருத்தர் முணுமுணுத்தார். தொறந்துட்டுப் போறாரு என்றார் சம்பந்தி. அவருக்கு நல்ல ஆயுசு இருக்க வேண்டும்.

ஆனால் அண்ணன் இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றானாம். எனக்குத்தான் வயிறு சரியில்லை. இன்றைக்கு மலை மேல் அட்சதை போட்டான், சுலோச்சனா காலில் விழுந்தபோது தலையில் கை வைத்து வெகு நேரம் எடுக்கவில்லை. மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தான். பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் பரிமாறுகிற சாக்கில் நாலு தரம் முன்னால் போனேன்.

என்ன கணக்கு இது. எழுந்து வந்துவிட்டான், பேச மட்டும் மாட்டான்.

11, திங்கள்

பெண்ணை மணவூருக்கு ரயில் ஏற்றியாயிற்று. வீடு வெறிச்சென்று இருக்கிறது. வீட்டுக்காரி பித்தளைப் பாத்திரங்களை எண்ணுகிற மாதிரி உட்கார்ந்து அழுகிறாள். எனக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. கே.வாத்தியார் வந்து, தம் பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டார். நல்ல வேளை, குரல் இல்லை.

பத்து மணி வாக்கில் அண்ணனையும் அண்ணியையும் பொ.பேட்டை பஸ்ஸில் ஏற்றப் போனேன். தாம்பூலத்தைத் துண்டில் முடிந்து இடுப்பில் வைத்திருந்தான். சாப்பிடவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை, வெற்றிலை வாடியிருக்கும். பஸ் நெருப்பு பிடிக்க நேரமாயிற்று. மூன்று பேரும் நின்றோம். அப்போதுதான் பேசினான், கரி ஊதுகிறவனைப் பார்த்துக்கொண்டு.

"இனிமே வேற ஒருத்தர் வூட்டு சபை வரும். நீ நடத்துவ, நான் உக்காந்துகினு இருப்பேன். என்ன எப்பக் கூப்பிடுவ?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பெண் கல்யாணம் முடிந்த கையோடு, பஸ் கிளம்புகிற நேரத்தில், ஒரு பொய்யில் என்ன வந்தது. அண்ணியும் கண்ணைக் காட்டினாள். வாயில் வரவில்லை.

"கடைசியாத்தாண்ணா" என்றேன். அந்தக் கட்டின தொண்டையில் அதுவும் பாதிதான் வெளியே வந்தது.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். போயிற்று, எல்லாம் போயிற்று, இன்னொரு நாலு வருஷம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பஸ் குலுங்கிக் கிளம்பினது. ஜன்னலில் தலை தெரிந்தது.

"கடைசியாவே கூப்பிடு. அன்னிக்கி மாதிரி முயுங்காத. சனிக்கெயம கூப்பிட்டியே, அந்த சத்தத்துல கூப்பிடு."

அன்றைக்கு முழுங்கினேனா? இலை போட்டுவிட்டார்கள், பாதிச் சபை எழுந்துவிட்டது. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.